பெட்ரா பிராங்கா: விளக்கு ஒருவருடையது, பாறை யாருடையது?

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் நில வழக்கு நடத்துபவர்களுக்கு இந்த வழக்கின் பொருள் புதிதல்ல. ஒருவர் நிலத்தில் இன்னொருவர் கட்டடம் எழுப்புகிறார். பல தலைமுறை அதைப் பராமரிக்கிறார். நிலத்துக்காரர் வாய் திறப்பதில்லை. ஒருநாள் அளவை வரைபடம் வெளியாகிறது, சண்டை தொடங்குகிறது. இங்கே நிலம் நடுக்கடலில் நிற்கும் ஒரு கருங்கல் பாறை. கட்டடம் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம். கட்சிக்காரர்கள் மலேசியாவும் சிங்கப்பூரும். நீதிமன்றம் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம். தீர்ப்பு நாள் 2008 மே 23.

கலங்கரை விளக்கம் கட்டியதால் சிங்கப்பூர் ஜெயித்தது என்றுதான் இந்த வழக்கைப் பலரும் ஒரு வரியில் சொல்கிறார்கள். கோப்பைப் படித்தால் அப்படி இல்லை. விளக்கு மட்டும் இருந்திருந்தால் சிங்கப்பூரின் நிலை மிகவும் பலவீனமாக இருந்திருக்கும். இன்று மலேசியாவின் மாநிலமாக இருக்கும் ஜொகூரின் அரசு 1953இல் எழுதிய ஒரு சின்னக் கடிதமும், அதன் முன்னும் பின்னும் அந்தத் தரப்பு காத்த மௌனமுமே பாறையைக் கைமாற்றின. நம் ஊர் வழக்குகளுக்கும் பயன்படுவது அந்தப் பகுதிதான் என்பதால், இந்த ஆய்வும் அங்கேதான் அதிகம் நிற்கும்.

இடமும் அளவும்

பாறைக்கு இரண்டு பெயர். போர்த்துகீசியர் வைத்தது பெட்ரா பிராங்கா, மலாய்ப் பெயர் புலாவ் பத்து புத்தே. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் இருக்கிறது. சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல் மைல், ஜொகூர் கரைக்குத் தெற்கே 7.7 கடல் மைல், இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்கு வடக்கே 7.6 கடல் மைல். நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். நீர் வடிந்த நேரத்தில் பரப்பு சுமார் 8,560 சதுர மீட்டர். நம் கணக்கில் 2 ஏக்கர் 11 சென்ட். ஏற்காட்டில் ஒரு சிறிய காப்பித் தோட்டத்துக்குக்கூடப் போதாத இடம். ஆனால் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் அதை ஒட்டித்தான் போயாக வேண்டும். அதுவே அதன் மதிப்பு, ஆபத்தும் அதுவே.

பக்கத்தில் இன்னும் இரண்டு அமைப்புகள் உண்டு. 0.6 கடல் மைல் தெற்கே மிடில் ராக்ஸ், 2.2 கடல் மைல் தெற்கு-தென்மேற்காக சவுத் லெட்ஜ். பின்னது நீர் வடியும்போது மட்டும் தலை காட்டும். இந்த மூன்றுக்கும் மூன்று விதமான தீர்ப்பு வந்தது என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

மூலப்பத்திரம்: 1844க்கு முன்

எந்த நில வழக்கிலும் முதல் கேள்வி, ஆரம்பத்தில் இடம் யாருடையது என்பது. யாருக்கும் சொந்தமில்லாத பாறையை 1847 முதல் 1851 வரை பிரிட்டிஷார் முறைப்படி கைக்கொண்டார்கள் என்றது சிங்கப்பூர். 1512இல் உருவான ஜொகூர் சுல்தானகத்தின் ஆட்சிப் பகுதிக்குள் அது எப்போதும் இருந்தது என்றது மலேசியா.

இந்தக் கட்டத்தில் நீதிமன்றம் மலேசியா பக்கம் நின்றது. காரணம் பத்திரமல்ல, புழக்கம். ஒராங் லாவுட் என்ற கடலோடி மக்கள் அந்தப் பாறைகளைச் சுற்றி மீன்பிடித்தார்கள், சில வேளை கொள்ளையும் அடித்தார்கள். அவர்கள் ஜொகூர் சுல்தானின் குடிகள். 1843 மே 25 தேதியிட்ட சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ் இதழின் கட்டுரை ஒன்று, கொள்ளையர் ஒதுங்கும் இடங்களைச் சொல்லும்போது பெட்ரா பிராங்காவை ஜொகூரின் தெமெங்கோங் (சுல்தானுக்கு அடுத்த உயர் தலைவர்) ஆட்சிக்குட்பட்டதாகக் குறித்திருந்தது. வேறு எந்த அரசும் போட்டிக்கு வரவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. ஆளில்லாத பாறைக்கு இவ்வளவு சான்றே போதும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரின் புழக்கத்தை உரிமைச் சான்றாக முன்வைப்பவர்கள் தீர்ப்பின் இந்தப் பகுதியைத் தனியே எடுத்துப் படிக்கலாம். பத்திரம் இல்லாத மக்களின் நடமாட்டத்தை ஓர் உயர் மன்றம் உரிமையின் அடையாளமாக ஏற்ற இடம் அது.

1824இல் இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. மார்ச் 17இல் பிரிட்டனும் நெதர்லாந்தும் அந்தக் கடலைத் தங்கள் செல்வாக்கு மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. ஆகஸ்ட் 2இல், கிராஃபர்டு ஒப்பந்தம் வழியாக, சிங்கப்பூர்த் தீவும் அதைச் சுற்றி 10 மைல் கடலும் அதிலுள்ள தீவுகளும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. பெட்ரா பிராங்கா அந்த 10 மைலுக்கு வெகு வெளியே. அதே ஆண்டுகளில்தான் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை வேரூன்றச் செய்துகொண்டிருந்தார். இங்கே மலையும் அங்கே கடலும் ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருந்த காலம்.

கேட்டது ஓரிடம், கட்டியது வேறிடம்

ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் கம்பெனியின் கடல் வரைபட வல்லுநர். அவர் 1836இல் இறந்ததும், கான்டன் நகர வணிகர்கள் அவர் நினைவாகச் சீனக் கடல் வழியில் ஒரு கலங்கரை விளக்கம் வேண்டும் என்று நிதி திரட்டினார்கள். எங்கே கட்டுவது என்பதில் பல ஆண்டுகள் இழுபறி. ஒரு கட்டத்தில் சிங்கப்பூரை ஆண்ட பிரிட்டிஷ் ஆளுநர் பட்டர்வொர்த் தேர்ந்தெடுத்தது ஜொகூரின் தென்கிழக்கு முனையான ரோமானியா முனைக்கு அருகிலுள்ள பீக் ராக்.

அந்தக் கட்டத்தில்தான் சுல்தானுக்கும் தெமெங்கோங் இப்ராகிமுக்கும் அனுமதி கேட்டுக் கடிதம் போனது. பட்டர்வொர்த் எழுதிய கடிதங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. 1844 நவம்பர் 25 தேதியிட்ட பதில்கள் மட்டுமே உள்ளன. தெமெங்கோங்கின் பதில் ரோமானியா முனையை ஒட்டிய இடத்தைச் சொல்லிவிட்டு, அங்கேயோ பொருத்தமென்று தோன்றும் வேறு எந்த இடத்திலோ விளக்கு கட்டிக்கொள்ளலாம் என்று முழு இசைவு தருகிறது. அதன் பிறகு இடம் மாறியது. பீக் ராக் கைவிடப்பட்டு பெட்ரா பிராங்கா தேர்வானது.

நம் மொழியில் சொன்னால், அனுமதி ஒரு புல எண்ணுக்கு, கட்டடம் வேறு புல எண்ணில். ‘வேறு எந்த இடத்திலோ’ என்ற சொற்கள் பெட்ரா பிராங்காவையும் உள்ளடக்குமா? மலேசியாவுக்கு ஆம் என்ற விடை தேவைப்பட்டது. அப்படியானால் பிரிட்டிஷார் அனுமதியின் பேரில் இருந்தவர்கள், அனுமதியின் பேரில் இருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் உரிமையாளர் ஆகமாட்டார். சிங்கப்பூருக்கு இல்லை என்ற விடை தேவைப்பட்டது. கேட்ட கடிதமே காணாமல் போனதால் நீதிமன்றம் எந்தப் பக்கமும் சாயவில்லை. பதில் மட்டும் கோப்பில் இருந்து கேள்வி தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். விண்ணப்பத்தின் நகலும் ஒப்புகைச் சீட்டும் இல்லாத ‘ஆட்சேபனை இல்லை’ சான்றுகளை நம்பி வழக்குத் தாக்கல் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கட்டுமானப் பொறுப்பு அரசு அளவையாளர் ஜே.டி. தாம்சனுடையது. கல், புலாவ் ஊபின் தீவின் கருங்கல். 1850 மே 24இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 1851 அக்டோபர் 15இல் விளக்கு ஏற்றப்பட்டது. அடிக்கல் நாட்டிய சில நாளில், ஜூன் தொடக்கத்தில், தெமெங்கோங் தன் ஆட்கள் 30 பேருடன் வந்து பாறையைப் பார்த்துவிட்டுப் போனார். எதிர்ப்புச் சொல்லவில்லை, வாடகை கேட்கவில்லை, தன் பெயரில் ஒரு கல்லும் நடவில்லை. கல்கத்தாவில் இயற்றப்பட்ட 1852ஆம் ஆண்டின் 6ஆம் எண் சட்டம் விளக்கையும் அதைச் சேர்ந்த உடைமைகளையும் கம்பெனியின் சொத்தாக்கியது. விளக்கின் உடைமையும் பாறையின் ஆட்சியுரிமையும் ஒன்றா என்ற கேள்வி அங்கிருந்தே தொடங்குகிறது.

விளக்கு எரிந்தால் நிலம் சொந்தமா

பொதுவிதி, இல்லை. கலங்கரை விளக்கையும் மிதவைகளையும் பராமரிப்பது பொதுவாக அரச அதிகாரத்தின் வெளிப்பாடு ஆகாது என்று பிரான்சும் பிரிட்டனும் மோதிய மின்கியே, எக்ரேயோ தீவுகள் வழக்கில் 1953இலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. விளக்கு எல்லாக் கப்பலுக்கும் பொதுவான சேவை. அதை வைப்பவர் நிலத்துக்கு உரிமை கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மிகச் சின்னத் தீவு என்றால் விளக்குக்கும் எடை உண்டு என்று 2001இல் கத்தார், பஹ்ரைன் வழக்கில் விதி கொஞ்சம் தளர்ந்தது. 2002இல் லிகித்தான், சிப்பாடான் தீவுகளுக்காக இந்தோனேசியாவுடன் மோதிய மலேசியா, ஆமை முட்டை சேகரிப்பை ஒழுங்குபடுத்தியதோடு 1960களில் அங்கே கட்டிய கலங்கரை விளக்குகளையும் காட்டித்தான் வென்றது. ஆறு ஆண்டுகள் கழித்து அதே நாடு அதே மன்றத்தில், விளக்குக்கு எடை கூடாது என்று வாதாட வேண்டி வந்தது.

இந்த வேறுபாட்டை ஏற்காட்டை வைத்துப் பார்க்கலாம். எஸ்டேட்காரர் ஒருவர் மேட்டில் செல்போன் கோபுரம் வைக்க இடம் தருகிறார் என்று கொள்வோம். நிறுவனம் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது, பெயின்ட் அடிப்பது, விளக்குப் பொருத்துவது எல்லாம் கோபுரக்காரர் வேலை. இவற்றை 50 ஆண்டு செய்தாலும் நிலம் மாறாது. இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882இன் 60ஆவது பிரிவுப்படி, உரிமத்தை நம்பிச் செலவு செய்து நிரந்தரக் கட்டுமானம் எழுப்பியவரை வெளியேற்ற முடியாமல் போகலாம். அப்போதும் நிலம் அவருடையது ஆவதில்லை. ஆனால் அதே நிறுவனம் மேடு முழுவதையும் வேலியிட்டு, நிலத்துக்காரரையே அடையாள அட்டை காட்டச் சொல்லி, அவரும் காட்டிவிட்டு உள்ளே போனால்? அது கோபுரக்காரர் வேலை இல்லை. கோப்பைப் புரட்டும்போது ஒவ்வொரு செயலையும் இந்த இரண்டு கூடைகளில் ஒன்றில் போட வேண்டும். பெட்ரா பிராங்காவில் வழக்கை முடிவு செய்தது இரண்டாவது கூடை.

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே ஓர் எதிர் உதாரணம் இருக்கிறது. மலாக்கா நீரிணை வாயிலில் உள்ள புலாவ் பிசாங் தீவிலும் சிங்கப்பூர்தான் கலங்கரை விளக்கை இயக்குகிறது. அங்கே 1900 அக்டோபர் 6 தேதியிட்ட பத்திரம் உண்டு. விளக்குக்காக ஒரு துண்டு நிலம், நிபந்தனைகளோடு. அதனால் அந்தத் தீவின் ஆட்சியுரிமை பற்றிச் சண்டை எழவே இல்லை. விளக்குகளின் வேலை ஒன்று. வித்தியாசம் அந்தப் பத்திரம்.

1953: ஒரு கேள்வி, ஒரு பதில்

1953 ஜூன் 12. சிங்கப்பூர் காலனிச் செயலாளர் அலுவலகம், ஜொகூர் சுல்தானின் பிரிட்டிஷ் ஆலோசகருக்கு ஒரு கடிதம் அனுப்புகிறது. நோக்கம், காலனியின் கடல் எல்லையை வரையறுப்பது. அந்தக் கடிதம் எழுதப்பட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். புலாவ் பிசாங்கின் பத்திரம் பதிவேட்டில் கிடைத்தது, அங்கே ஜொகூரின் ஆட்சியுரிமை குறையவில்லை என்பது தெளிவு என்று முதலில் சொல்கிறது. பிறகு பெட்ரா பிராங்கா பற்றிக் கேட்கிறது: குத்தகையோ கொடையோ காட்டும் ஆவணம் உண்டா, அல்லது ஜொகூர் அரசு அதை விட்டுக்கொடுத்தோ வேறு வகையில் கைமாற்றியோ உள்ளதா? ஆக, நிலத்தின் உடைமைக்கும் ஆட்சியுரிமைக்கும் உள்ள வேறுபாடு கேள்வியிலேயே விளக்கப்பட்டிருந்தது. கேட்டவருக்கு அப்போது தன் உரிமை பற்றி உறுதி இல்லை என்பதும் அதிலேயே தெரிகிறது.

செப்டம்பர் 21இல் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளரிடமிருந்து பதில் வந்தது: பெட்ரா பிராங்காவுக்கு ஜொகூர் அரசு உடைமை கோரவில்லை. அவ்வளவுதான். காரணமும் இல்லை, நிபந்தனையும் இல்லை.

மலேசியா இதை நான்கைந்து வழிகளில் தாக்கியது. எழுதியவருக்கு அதிகாரம் இல்லை, 1948 ஒப்பந்தங்களின்படி ஜொகூரின் வெளியுறவு பிரிட்டன் கையில் இருந்தது என்றது. ‘உடைமை’ என்றது தனியார் சொத்துரிமையை மட்டுமே, ஆட்சியுரிமையை அல்ல என்றது. இரண்டும் எடுபடவில்லை. தகவல் கேட்டது பிரிட்டிஷ் நிர்வாகமே. அதற்குப் பதில் சொல்வது வெளியுறவு விவகாரம் ஆகாது. கேள்வி ஆட்சியுரிமை பற்றியது என்பது புலாவ் பிசாங் உதாரணத்தோடு விளக்கப்பட்டிருந்தது. பதிலை அந்தக் கேள்வியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அதே சமயம் சிங்கப்பூர் கேட்ட உச்ச நிவாரணத்தையும் நீதிமன்றம் தரவில்லை. இது கட்டுப்படுத்தும் வாக்குறுதி அல்ல. முரண்தடையும் (ஒருமுறை சொன்னதைப் பிறகு மாற்றிப் பேச முடியாது என்ற விதி) பொருந்தாது, ஏனென்றால் அந்தப் பதிலை நம்பிச் சிங்கப்பூர் தனக்கு இழப்பு வரும்படி எதையும் செய்ததாகக் காட்டவில்லை. கடிதத்தின் எடை வேறு இடத்தில் இருந்தது: 1953இல் ஜொகூர் தன் நிலையை எப்படிப் புரிந்திருந்தது என்பதற்கு அது நேரடிச் சான்று. ஒப்புதல் முடிவான நிரூபணம் ஆகாது, ஆனால் முரண்தடையாக வேலை செய்யலாம் என்ற நம் பழைய சாட்சியச் சட்டம் 31ஆவது பிரிவைத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தராசு பழக்கமானதுதான்.

ஜொகூர் அலுவலகம் சொல்லியிருக்கக்கூடியவை பல. ‘பதிவேட்டில் ஆவணம் ஏதும் கிடைக்கவில்லை’ என்றிருந்தால் வழக்கு வேறு திசையில் போயிருக்கலாம். ‘இடம் பற்றிய ஜொகூரின் உரிமைகள் பாதிக்கப்படாமல் இந்தத் தகவல் தரப்படுகிறது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தாலும் போதும். ஆவணம் இல்லை என்பது தேடலின் முடிவு. உரிமை கோரவில்லை என்பது உரிமையைப் பற்றிய நிலைப்பாடு. பக்கத்து நிலத்துக்காரரோ, மின்வாரியமோ, வனத்துறையோ ‘இந்த இடம் உங்களுடையதா’ என்று எழுதிக் கேட்டால், ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில் புலப்படமும் நிலப் பதிவேடும் பார்க்கும் முன் பதில் எழுதக் கூடாது. எழுதினாலும் மூன்று அம்சங்கள் அதில் இருக்க வேண்டும்: எந்தப் புல எண், எந்தப் பதிவேட்டைப் பார்த்தோம், எந்த உரிமையையும் கைவிடவில்லை. கேட்டவரின் கடித எண்ணும் தேதியும் பதிலின் தலைப்பில் வர வேண்டும். நாளை இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பார்கள்.

இரண்டாவது கூடை

கடிதம் மட்டும் போதாது. அதன் பிறகும் இரு தரப்பும் அதற்கேற்பவே நடந்தன என்பதைக் கோப்பு காட்ட வேண்டும். சிங்கப்பூரின் பெட்டியில் இருந்தவை இவை.

அந்தக் கடற்பகுதியில் நடந்த கப்பல் விபத்துகளை விசாரித்தது; 1920லும், 1963லும், 1979லும். விளக்கைப் பராமரிப்பவர் மோதலை விசாரிக்க வேண்டியதில்லை, அந்தக் கடலை ஆள்பவர் விசாரிப்பார். அடுத்தது, வருகையாளர் கட்டுப்பாடு. 1974இல் அலை ஏற்ற இறக்க ஆய்வுக்காக மலேசியர்கள் வரவிருந்தபோது சிங்கப்பூர் அவர்களின் பெயர், பாஸ்போர்ட் எண், தங்கும் காலம் கேட்டது. மலேசியத் தரப்பு மறுக்காமல் கொடுத்தது. 1978இல் மலேசிய நில அளவைத் துறையினர் இருவர் பாறையில் இறங்கியபோது, சிங்கப்பூர் அனுமதி இல்லாமல் தங்க முடியாது என்று விளக்குக் காப்பாளரே சொல்லி அனுப்பினார். அதன் மேலும் எதிர்ப்பு இல்லை. 1977இல் ராணுவத் தகவல்தொடர்புக் கருவி நிறுவப்பட்டது. 1978இல் பாறையைச் சுற்றிக் கடலைத் தூர்த்து இடத்தைப் பெருக்கும் திட்டம் ஆராயப்பட்டது. நிறைவேறவில்லை, ஆனால் விளக்குப் பராமரிப்பவருக்கு நிலம் பெருக்கும் வேலை என்ன என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பிடம் பதில் இல்லை.

கொடி விஷயம் தனியாகப் பார்க்கத் தக்கது. இரண்டு தீவுகளிலும் சிங்கப்பூரின் கடல்சார் கொடி பறந்தது. 1968இல் மலேசியா புலாவ் பிசாங் கொடியை இறக்கச் சொன்னது, சிங்கப்பூர் இறக்கியது. பெட்ரா பிராங்கா கொடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதிர்க்கத் தெரிந்தவர், எதிர்த்தால் பலன் உண்டு என்று கண்டவர், இங்கே மட்டும் ஏன் சும்மா இருந்தார்? மறந்துவிட்டோம் என்ற சமாதானத்தை புலாவ் பிசாங் நிகழ்வு அடைத்துவிட்டது. நம் வழக்குகளிலும், ஒரே எஸ்டேட்டில் கீழ்ப்பக்க ஆக்கிரமிப்புக்கு நோட்டீஸ் விட்டு மேல்பக்க ஆக்கிரமிப்பை விட்டுவிட்டால், பிந்தையது எதிர்த்தரப்பின் சாட்சியமாக மாறிவிடுகிறது.

வரைபடங்கள்: 1962 முதல் 1975 வரை மலேசிய நில அளவைத் துறை வெளியிட்ட பல தாள்களில் அந்தத் தீவின் பெயருக்குக் கீழே ‘சிங்கப்பூர்’ என்று அச்சிட்டிருந்தது. வரைபடம் தன்னளவில் உரிமையைத் தராது; பட்டா உரிமையைத் தராது என்று நம் நீதிமன்றங்கள் சொல்வதும் அதே பொருளில். ஆனால் தன் நலனுக்கு எதிராகத் தானே வெளியிட்ட வரைபடத்தை ஒருவர் எளிதில் மறுக்க முடியாது. அந்த மலேசியத் தாள்களும் அப்படியே எடைபோடப்பட்டன.

1979 டிசம்பர் 21இல் மலேசியா புதிய கடல் எல்லை வரைபடத்தில் பாறையைத் தன் பக்கம் சேர்த்தது. 1980 பிப்ரவரி 14இல் சிங்கப்பூர் எதிர்ப்பு தெரிவித்தது. அந்த நாள்தான் சச்சரவு உறுதியான நாள். அதற்குப் பின் இரு தரப்பும் சேர்த்த சான்றுகளுக்கு எடை கிடையாது. வழக்கு எண் வாங்கிய பிறகு வேலி போட்டுப் புகைப்படம் எடுப்பவர்களுக்கு இந்த விதி ஏற்கெனவே தெரிந்திருக்கும், தெரிந்தும் எடுக்கிறார்கள்.

எந்தப் பெயரில் மாறியது

சேலத்து வழக்கறிஞர் படித்ததும் ‘எதிரிடை அனுபோகம்’, அதாவது பிறர் நிலத்தை நீண்ட காலம் அனுபவித்து உரிமை பெறுவது, என்று சொல்லிவிடுவார். தவறு. வரம்புச் சட்டம் 1963இல் தனியாருக்கு 12 ஆண்டு, அரசுக்கு எதிராக 30 ஆண்டு என்று எண்ணிக்கை உண்டு. பகிரங்கமாக, உரிமையாளருக்கு விரோதமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஹேக் தீர்ப்பில் ஆண்டுக் கணக்கே இல்லை. சிங்கப்பூரும் அந்த அடிப்படையில் வாதாடவில்லை, முதலிலிருந்தே தனது என்றுதான் வாதாடியது. நீதிமன்றம் இருவரின் நடத்தையைச் சேர்த்துப் பார்த்து, 1980 பிப்ரவரிக்குள் ஆட்சியுரிமை பற்றி இரு தரப்பின் நிலைப்பாடும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்துவிட்டது, உரிமை கைமாறிவிட்டது என்றது. வாக்கு 12க்கு 4.

இங்கேதான் தீர்ப்பின் பலவீனமும். நீதிபதிகள் சிம்மாவும் அப்ராகமும் சேர்ந்து எழுதிய மறுப்புத் தீர்ப்பு நேராக அதைத் தொடுகிறது: மறைமுக உடன்பாடா, மௌன இசைவா, காலவழி உரிமையா என்று நீதிமன்றம் பெயர் சொல்லவில்லை, அப்படி எதைச் சொன்னாலும் சான்று போதாது. மலேசியா நியமித்த நீதிபதி டுகார்டும் மறுத்தார். எங்கள் கருத்தில் மறுப்பாளர்களின் தர்க்கம் சுத்தமானது. மூல உரிமையாளர் யார் என்று கண்டுபிடித்த பிறகு, அவரிடமிருந்து அது எந்த வழியில் போனது என்று சொல்லாமல் விடுவது சட்டத்துக்கு அழகல்ல. ஆனாலும் அந்த 1953 பதில் கோப்பில் இருக்கும் வரை பெரும்பான்மையின் முடிவை அசைப்பது கடினம்.

மற்ற இரண்டு பாறைகள்

மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு, 15க்கு 1. காரணம் எளிமையானது: 1953 கடிதமும் சிங்கப்பூரின் செயல்களும் பெட்ரா பிராங்காவை மட்டுமே தொட்டன. தொடாத இடத்தில் ஜொகூரின் பழைய உரிமை அப்படியே நின்றது. பக்கத்துப் புல எண்ணையும் சேர்த்து அனுபவித்தோம் என்று பொத்தாம்பொதுவாக வாதிடுபவர்கள் தோற்பதும் இதனால்தான்.

சவுத் லெட்ஜ் நீர் வடியும்போது மட்டும் தெரிவது. அதற்குத் தனி உரிமை கிடையாது, எந்த நாட்டின் கடல் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு. ஆனால் எல்லை வகுக்கும் அதிகாரத்தை 2003 பிப்ரவரி 6 ஒப்பந்தம் நீதிமன்றத்துக்குக் கொடுக்கவில்லை. வாய்ப்பாட்டைச் சொல்லிவிட்டு நீதிமன்றம் விலகியது. வழக்கை அனுப்பும்போதே கோரிக்கையில் ஒரு வரி குறைந்ததன் விலை இது.

திரும்பப் பார்க்கக் கேட்டது

நீதிமன்றச் சட்டவிதியின் 61ஆவது பிரிவு சீராய்வுக்குக் கடுமையான வாசல் வைத்திருக்கிறது: தீர்ப்பின்போது தெரியாத, முடிவை மாற்றக்கூடிய புதிய உண்மை வேண்டும், கவனக்குறைவால் தெரியாமல் போனதாக இருக்கக் கூடாது, கண்டுபிடித்த ஆறு மாதத்துக்குள், தீர்ப்பிலிருந்து பத்து ஆண்டுக்குள் வர வேண்டும். நம் உரிமையியல் நடைமுறையில் 47ஆவது கட்டளையின் கீழ் மறுஆய்வு மனுவுக்கு 30 நாள்தான் என்பதை நினைத்தால் பத்து ஆண்டு தாராளமாகத் தெரியும், நிபந்தனைகளைப் பார்த்தால் தெரியாது.

2017 பிப்ரவரி 2இல் மலேசியா விண்ணப்பித்தது. பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த மூன்று ஆவணங்களைக் காட்டியது. 1958இன் காலனி அலுவலகக் கடிதங்கள், அதே ஆண்டின் கடற்படைச் சம்பவ அறிக்கை, 1960களின் குறிப்பெழுதிய கடற்படை வரைபடம். 1953 பதிலுக்குப் பிறகும் பிரிட்டிஷ் அதிகாரிகளே பாறையைச் சிங்கப்பூருடையது என்று கருதவில்லை என்பது வாதம். தொட்ட இடம் சரியானதுதான். கடிதத்தை உடைக்காமல் இந்தத் தீர்ப்பை உடைக்க முடியாது. ஜூன் 30இல், 60ஆவது பிரிவின்படி தீர்ப்பின் பொருளை விளக்கக் கோரி இன்னொரு விண்ணப்பமும் போனது. 2018 மே மாதம் மலேசியாவில் ஆட்சி மாறியது. அதே மாத இறுதியில், பத்து ஆண்டு வரம்பு முடிந்த சில நாளில், இரண்டு விண்ணப்பங்களையும் மலேசியா திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றதைப் பற்றி விசாரிக்க 2024இல் அங்கே அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. புதிய சீராய்வுக்கு 61ஆவது பிரிவின் கதவு மூடிவிட்டது. மூன்று பாறைகளைச் சுற்றிய கடல் எல்லையை இரு நாடுகளும் பேசித்தான் வகுத்துக்கொள்ள வேண்டும்; சவுத் லெட்ஜ் யாருடையது என்பது அந்தக் கோட்டைப் பொறுத்தது.